நாத்தனார் போடாத முடிச்சு

குணசேகரன் அந்தப் பொய்யைச் சொல்லிப் பதினோரு மாதம் ஆகிறது.

போன வாரம் அவன் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றதையும், வெற்றிலைத் தட்டோடு இரண்டு பேர் இறங்கியதையும் பார்த்தோம். அவர்கள் யாரென்று சொல்வதற்கு முன்னால், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்து படித்து வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குன்றாண்டார்கோவில் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மைக் செட் குணசேகரனுடையதுதான். நல்ல குரல். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் மைக்கைக் கீழே வைக்கமாட்டான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் பேசி அனுப்புவான். ‘குணாவின் காலைச் சேதி’ என்று பெயர். பத்திரிகையில் பெண்ணின் அம்மா பெயரையும் பெரிய எழுத்தில் போடுங்கள், சமைத்தவர்களையும் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள் என்று, கல்யாண வீடுகளில் கண்ணால் பார்த்ததை வைத்தே பேசுவான். ஆரம்பத்தில் மூன்று குரூப்பில் போய்க்கொண்டிருந்தது. இப்போது எத்தனை குரூப்பில் போகிறது என்று அவனுக்கே தெரியாது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் நார்த்தாமலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை இரண்டு முடிச்சு போட்டதும் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும். கூடப்பிறந்த அக்கா இருந்தாள். ஆனால் புருஷனை இழந்தவள். கூப்பிடுவார்களோ என்று பயந்தவள் மாதிரி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வந்து முடிச்சைப் போட்டாள். குணசேகரன் மைக்கைப் பிடித்தபடி அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அதைப் பற்றித்தான் பேசினான். ‘எங்க வீட்டுலயும் இப்படித்தான் நடந்துச்சு’ என்று சொல்லத்தான் வாயெடுத்தான். வெளியே வந்தது வேறு.

‘எங்க வீட்டுல நாங்க அப்படிச் செய்யல. என் தம்பி நாகராசு கல்யாணத்துல எங்க அக்கா செங்கமலந்தான் மூணாவது முடிச்சு போட்டாங்க. அப்பவே புருசன் போயி பத்து வருசம் ஆனவங்க. ஆறு வருசம் ஆச்சு, தம்பி இன்னைக்குச் சிங்கப்பூர்ல பொண்டாட்டி புள்ளையோட நல்லாத்தான் இருக்கான். என்ன கொறைஞ்சு போச்சு?’

அப்படி எதுவும் நடக்கவில்லை. நாகராசு கல்யாணத்தில் செங்கமலம் மணமேடைப் பக்கமே வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டவனே குணசேகரன்தான்.

அவன் அனுப்பியதிலேயே இந்தச் சேதிதான் வேகமாக ஓடியது. கீரனூர், அன்னவாசல், இலுப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுவிட்டு ஒரு வீட்டில் அக்காவை மேடை ஏற்றினார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, வெள்ளை நெற்றியோடு, தாலித் தட்டைச் சபையில் காட்டி ஆசீர்வாதம் வாங்கிவந்தாள். போனில் கூப்பிட்டு அழுதவர்கள் உண்டு. ஒவ்வொருவரிடமும் குணசேகரன் “ரொம்ப சந்தோசம்ங்க” என்பான். போனை வைத்ததும் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விடுவான்.

இனி வாசலில் நிற்கும் காருக்கு வருவோம்.

இறங்கியவர் குடுமியான்மலை கண்ணுசாமி. கதிர் அறுக்கும் மிஷின் வைத்து வாடகைக்கு விடுகிறவர். கூட வந்தது அவர் மகள் பிரகதா. இருபத்தொன்பது வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பைக் விபத்தில் கணவன் போய்விட்டான்.

“தம்பி, ஒங்க ஆடியோவை நான் அம்பது தடவையாச்சும் கேட்ருப்பேன்,” என்று உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார் கண்ணுசாமி. “வர்ற ஆவணி இருபத்தேழு என் மகன் நிலவழகனுக்குக் கல்யாணம். அக்காதான் முடிச்சு போடணும்னு அவன் ஒத்தக்கால்ல நிக்கிறான். எனக்கும் ஆசைதான். எங்க அண்ணன் ராக்கன் இருக்காரே, அவருதான் முட்டுக்கட்டை. ‘எங்கயாச்சும் நடந்துருக்கா? போட்டவளைக் கண்ணுல காட்டு, நான் வாயை மூடிக்கிறேன்’ங்கிறாரு.”

“அதுக்கு நாங்க என்ன செய்யணும்ணே?” என்று கேட்டான் குணசேகரன். அவனுக்குத் தெரியாமல் இல்லை.

“ஒங்க அக்கா வந்து எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். குலசாமிக்கு அடுத்த பத்திரிகை அவங்களுக்குத்தான் எழுதிருக்கேன். வீடு எங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க, நாங்களே போயி அழைக்கிறோம்.”

அதுவரை பேசாமல் இருந்த பிரகதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மாமா, அந்த ஆல்பம் இருந்தா ஒரு தடவை பாக்கலாமா? அத்தை முடிச்சு போடுற போட்டோ.”

“ஆல்பமா? அதை நாகராசு சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போயிட்டான்மா.”

காபித் தம்ளர்களோடு வந்த அவன் மனைவி வள்ளிக்கண்ணு வாசல்படியிலேயே ஒரு விநாடி நின்றாள். பிறகு ஒன்றும் கேட்காதவள் மாதிரி காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முறுக்கு எடுத்து வருவதாகச் சொல்லி குணசேகரனும் பின்னாலேயே போனான்.

“பீரோவுல மேத்தட்டுலதான் சிங்கப்பூர் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்,” என்றாள் வள்ளிக்கண்ணு.

“மெதுவாப் பேசு.”

“மெதுவாத்தான் பேசுறேன். ஒங்களை மாதிரி மைக் வச்சா பேசுறேன்? இப்ப அத்தாச்சிகிட்டப் போயி என்னன்னு சொல்லுவீங்க? ‘நீ போட்டதா ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன், வந்து ஆமான்னு சொல்லு’ன்னா?”

குணசேகரன் முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

“வெள்ளிக்கிழமை நம்ம ஹரிணிக்கு நிச்சயம். அதை நெனைச்சுக்கங்க,” என்றாள். “இந்தக் கூத்தெல்லாம் இப்ப வெளியில வந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? ஆலாத்தி எடுக்க யாரு யாருன்னு அந்த அம்மா வேற கேட்டுக்கிட்டே இருக்கு. எடுக்கிறவங்களுக்கு அவங்க வழக்கப்படி சேலை எடுத்துக் குடுக்கணுமாம்.”

“நான் போயி அக்காவைக் கூட்டிட்டு வாரேன். நீ இவங்களைப் பாத்துக்க.”

செங்கமலம் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவையும் குணசேகரன் எப்படி நடந்தான் என்று எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது. மனசாட்சி உள்ளவன்தான். அதுதான் தொந்தரவே. இல்லாதவனாக இருந்தால் காபி குடித்துவிட்டு அடுத்த பொய்யை யோசித்திருப்பான்.

அவனை அரித்தது நாகராசு கல்யாணம் மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு ஆரத்தி எடுக்க நாலு பெண்கள் பெயரை அவன்தான் தன் கையால் எழுதி வைத்திருந்தான். அந்த நாலில் அக்கா பெயர் இல்லை. சம்பந்தி வீட்டில் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று பயம். ஊரெல்லாம் மாற வேண்டும் என்று பதினோரு மாதமாகப் பேசியவன், சொந்த மகள் விசேஷம் என்று வந்ததும் பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டான். எனக்கு அவன் மேல் கோபம்தான்.

செங்கமலம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். முறத்தைப் போட்டுக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

“என்னடா இந்த வெயில்ல? ஒரு போன் பண்ணிருந்தா நானே வந்துருப்பேன்ல.”

“குடுமியான்மலையிலருந்து ஆளு வந்துருக்காங்க அக்கா. ஒன்னையப் பாக்கணுமாம்.”

“முடிச்சு விசயமா?”

குணசேகரன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

“ஒனக்குத் தெரியுமா?”

“ஏன்டா, நான் என்ன காட்டுக்குள்ளயா குடியிருக்கேன்? நீ பேசுன அன்னைக்கே பள்ளிக்கூடத்துல டீச்சருங்க போட்டுக் காட்டிட்டாங்க. ‘செங்கமலம், இது நீங்களா?’ன்னு கேட்டாங்க.”

“நீ என்னக்கா சொன்ன?”

“ஆமான்னு சொன்னேன்.”

புளியிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

“ஒரு டீச்சரு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுருச்சு. அந்த நேரத்துல எப்படிடா இல்லைன்னு சொல்லுவேன்? ஒன்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நெனைச்சது நெசந்தான். ஆனா அது மட்டும் இல்ல. எனக்கும் அந்தப் பொய் புடிச்சிருந்துச்சு. அவங்க கேக்கக் கேக்க நானா சேத்துச் சேத்துச் சொன்னேன். கை நடுங்குச்சுன்னேன். நாகராசு திரும்பிப் பாத்துச் சிரிச்சான்னேன். பொண்ணு முடி கயித்துல மாட்டிக்கிச்சு, நான்தான் எடுத்துவிட்டேன்னு கூடச் சொல்லிருக்கேன்.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“எனக்கும் உறுத்தாம இல்லடா. ஒவ்வொரு தடவை சொல்லிட்டு வந்த அன்னைக்கும் ராத்திரி சோறு எறங்காது.”

“அக்கா, அன்னைக்கு ஒன்னைய ஸ்டோர் ரூமுக்கு அனுப்புனது நான்தான். வேணும்னுதான் அனுப்புனேன்.”

கல்யாண மண்டபங்களில் ஸ்டோர் ரூம் சாவியை நம்பிக்கையான ஒரு ஆளிடம் கொடுப்பது வழக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாம் அந்த அறையில்தான் இருக்கும். சாவி வைத்திருப்பவருக்கு முகூர்த்தம் பார்க்கக் கொடுத்துவைக்காது. அன்று விடிகாலையில் குணசேகரன் சாவியை அக்காவிடம் நீட்டி, “ஒன்னைய விட்டா எனக்கு நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?” என்றான். பெரியவர்கள் யாரும் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவனே காரியத்தை முடித்துவிட்டான்.

“தெரியும்டா,” என்றாள் செங்கமலம். “தாலி கட்டுற நேரத்துல தேங்காயை எவன்டா தூக்கிட்டுப் போகப் போறான்? நீ என் மொகத்தைப் பாக்காமச் சாவியைக் குடுத்தப்பவே தெரிஞ்சு போச்சு.”

“ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?”

“தம்பி கல்யாணத்தன்னைக்குச் சண்டை போடவா? அரிசி மூட்டை மேல உக்காந்துருந்தேன். நீ கட்டுன ஸ்பீக்கர் ஒண்ணு செவத்துக்கு அங்கிட்டு இருந்துச்சு. ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’னு நீ கத்துனது அப்படியே காதுல விழுந்துச்சு. நான் கையில அரிசியை அள்ளி அங்க இருந்தே போட்டேன். அட்சதைன்னு நெனைச்சுக்கிட்டேன்.”

குணசேகரனுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது ஆள், அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதான். செங்கமலம் அவனைத் தேற்றவில்லை. புளியை அள்ளிப் பானைக்குள் போட்டாள்.

“சரி, வந்தவங்களுக்கு என்ன சொல்லணும்?” என்று கேட்டாள்.

“இந்த ஒரு தடவை ஆமான்னு சொல்லிடுக்கா. எனக்காக இல்ல. அந்தப் பொண்ணு பாவம். நீ இல்லைன்னு சொன்னா அது மேடை ஏறாது.”

பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அவன் பெயர் இருந்தது, பதினோரு மாதமாக ஊர் வைத்திருக்கும் மதிப்பு இருந்தது. செங்கமலத்துக்கும் அது புரியாமல் இல்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சேலை மாற்றிக்கொண்டு வந்து, “வாரேன், நட,” என்றாள்.

வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் பிரகதா நாற்காலியிலிருந்து எழுந்தாள். யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. நேராக வந்து செங்கமலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, ஒங்களுக்குப் பயமா இல்லையா?”

“எதுக்கும்மா?”

“நான் முடிச்சு போட்டு, நாளைக்கு என் தம்பிக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தானே சொல்லும்? ஊரு சொல்றதை விடுங்க, நானே என்னையச் சொல்லிக்குவேன். நீங்க போட்டீங்க, ஒங்க தம்பி நல்லாருக்காரு. அது ஒண்ணைத்தான் நான் புடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

செங்கமலம் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“பயமாத்தாம்மா இருந்துச்சு,” என்று ஆரம்பித்தாள். “கை நடுங்குச்சு. அப்ப எங்க நாகராசு திரும்பிப் பாத்து…”

அவள் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பல தடவை சொல்லிப் பழகிய குரல். தனக்கு மறுக்கப்பட்டதைத் தானே நடந்ததாகச் சொல்லி, மறுத்தவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். குணசேகரனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அக்கா போடல,” என்றான்.

கண்ணுசாமி காது கேட்காதவர் மாதிரி, “என்ன தம்பி?” என்றார்.

“அக்கா முடிச்சு போடலண்ணே. நான் சொன்னது பொய். அக்காவை மேடைப் பக்கமே நாங்க விடல. நான்தான் விடல.”

வள்ளிக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணுசாமி எழுந்து நின்றார்.

“ஒங்களை நம்பித்தானே தம்பி எங்க அண்ணன் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுனேன்? அம்பத்தெட்டு வயசுல மொத தடவையா அவரை எதுத்துப் பேசுனேன். இப்ப நான் போயி என்னன்னு சொல்லுவேன்? ஆடியோவுல பேசுனவன் கதை விட்டான்னு சொல்லவா?” மரியாதை நடுவிலேயே கழன்று விழுந்தது. “என்ன மனுசன்யா நீ? ஒருத்தி வாழ்க்கை இதுல இருக்குன்னு தெரியாதா ஒனக்கு?”

“தெரியும்ணே. தப்புதான்.”

“தப்பாம்ல தப்பு!”

டீப்பாய் மேல் இருந்த வெற்றிலைத் தட்டை அவர் கையில் எடுத்துக்கொண்டார். வைத்த தாம்பூலத்தைத் திரும்ப எடுப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிரகதா மட்டும் செங்கமலத்தின் கையை விடவில்லை. “அப்ப நீங்க எங்க இருந்தீங்க அத்தை?” என்று கேட்டாள்.

“ஸ்டோர் ரூம்ல.”

பிரகதாவின் கண் நிறைந்துவிட்டது. “எங்க பெரியப்பா நேத்தே சொல்லிட்டாரு. ‘ஸ்டோர் ரூமைப் பிரகதாகிட்டக் குடுங்க, பொறுப்பான புள்ளை’ன்னு. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.” குணசேகரன் பக்கம் திரும்பினாள். “அப்ப இது எங்கயுமே நடக்கலையா மாமா?”

நடந்திருக்கிறது என்று அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? பதில் சொன்னவள் செங்கமலம்தான்.

“நடந்துருக்கும்மா. எங்க வீட்டுலதான் நடக்கல. எங்க பள்ளிக்கூடத்துல கூட வேலை பாக்குற அம்மா மக, ஒன் வயசுதான் இருக்கும், அதுக்கும் புருசன் இல்ல, போன தை மாசம் கீரனூர்ல அது தம்பிக்கு முடிச்சு போட்டுச்சு. நான் போயிருந்தேன். முன்னாடி உக்காந்து கண்ணால பாத்தேன். மேடை ஏறுறதுக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் இவன் பேசுனதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருந்துச்சாம். இவன் சொன்னது பொய்தான். அந்தப் புள்ளை போட்ட முடிச்சு பொய் இல்லையே.”

கண்ணுசாமி தட்டோடு அப்படியே நின்றார்.

“வீடியோ இருக்கு, நம்பர் தாரேன்,” என்றாள் செங்கமலம் அவரிடம். “ஒங்க அண்ணனுக்கு அந்தப் புள்ளையைக் காட்டுங்க. என்னையக் காட்டாதீங்க.”

“அந்தப் பையன் இப்ப நல்லாருக்கானா?” என்று கேட்டார். கோபம் அடங்கவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“நல்லாருக்கான். பொண்டாட்டி முழுகாம இருக்கு.”

கண்ணுசாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். செங்கமலம் நம்பரைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, திருப்பிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார். பிரகதா அப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். குங்குமச் சிமிழ் அதில் இருந்தது. பழக்கத்தில் செங்கமலம் ஒதுங்கப் பார்த்தாள். பிரகதா விடவில்லை.

“நீங்க கட்டாயம் வரணும் அத்தை,” என்று தட்டை அவள் கையில் கொடுத்தாள். “நான் போட்டா நீங்க பாக்கணும். போட விடலைன்னாலும் நீங்க பக்கத்துல இருக்கணும்.”

“வாரேம்மா,” என்றாள் செங்கமலம்.

கண்ணுசாமி வள்ளிக்கண்ணுவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வெளியேறினார். பிரகதா கார்க் கதவைத் திறந்தவள், வாசலில் நின்ற குணசேகரனிடம் திரும்பி வந்தாள்.

“இனிமே ஒங்க ஆடியோவை நான் கேக்க மாட்டேன் மாமா. ஆனா அதைக் கேக்காம இருந்திருந்தா இந்த ஆசையே எனக்கு வந்துருக்காது. ஒங்களைத் திட்டுறதா, கும்பிடுறதான்னு தெரியல.”

கார் போன பிறகும் அவன் வாசலிலேயே நின்றான். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. உள்ளே வந்தபோது செங்கமலம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கண்ணு அறைக்குள் போய்விட்டாள்.

“அக்கா, நாளைக்குக் காலையில ஆடியோவுல எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுறேன். நடந்தது நடந்தபடி சொல்லிடுறேன்.”

“சொல்லு. சொல்லித்தான் ஆகணும்,” என்றாள் செங்கமலம். “ஊரே கைதட்டும் பாரு. ‘எவ்வளவு பெரிய மனசு, தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டாரு’ம்பாங்க. அதுலயும் நீதான்டா நல்லவனா நிப்ப.”

குணசேகரன் முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

“அப்ப நான் என்னதான்க்கா செய்யணும்?”

“ஊருக்குச் சொல்றது இருக்கட்டும். எனக்கு என்ன சொல்லப் போற? போன புதன்கிழமை வீட்டுக்கு வந்து என்ன சொன்ன? ‘வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பக்கத்தை நீ பாத்துக்க அக்கா, நீ இருந்தாத்தான் எனக்கு நிம்மதி’ன்ன. பதினோரு மாசம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு, என்கிட்ட வந்து பழைய பாட்டையேதான் பாடுன. அன்னைக்கும் நீ என் மொகத்தைப் பாக்கல.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சமாதானம் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும்.

“ஹரிணிக்கு நான் அத்தைடா. அப்பன்கூடப் பொறந்த அத்தை. அவ நிச்சயத்துல நான் எங்கிட்டு நிக்கணும்னு நீயே சொல்லு. சமையக்கட்டுன்னு சொன்னா அங்கயே நிக்கிறேன். ஆனா என் மொகத்தைப் பாத்துச் சொல்லு.”

குணசேகரன் நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் நெற்றியை, நரைத்த முன்முடியை, புளிக்கறை போகாத விரல்களை.

அப்போதுதான் வள்ளிக்கண்ணு போனைக் கையால் பொத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தாள்.

“ஏங்க, சம்பந்தியம்மா. சேலைக் கடையில நிக்கிறாங்களாம். ஆலாத்தி எடுக்கிறவங்க பேரைக் கேக்குறாங்க. அந்த நாலு பேரைச் சொல்லிடவா?”

குணசேகரன் எழுந்து போனை வாங்கினான்.

“வணக்கம் சம்பந்தியம்மா. எழுதிக்கங்க. மொதப் பேரு செங்கமலம்.”

“செங்கமலம்…” என்று எழுதும் குரல் கேட்டது. பிறகு நின்றது. “செங்கமலம்னா ஒங்க அக்காதானே? அவங்க வீட்டுக்காரரு…”

“ஆமாங்க. தவறிட்டாரு. பதினாறு வருசம் ஆச்சு. எங்க அக்காதான் மொதல்ல எடுக்கும்.”

எதிர்முனையில் கடைக்காரர் யாருக்கோ விலை சொல்வது மட்டும் கேட்டது. வள்ளிக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் இருங்க,” என்றது அந்தக் குரல். “பக்கத்துலதான் மாப்பிள்ளையோட அப்பா இருக்காரு. கேட்டுச் சொல்றேன். லைன்லயே இருங்க.”

குணசேகரன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். அக்கா அறையின் அந்தக் கோடியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

“அவங்க வேணாம்னு சொன்னா,” என்று கேட்டாள் செங்கமலம், “நீ என்னடா சொல்லுவ?”